வெள்ளி நிறமும் ஓர் இருமலும்

காரில் கீறல் விழுந்தால் முதலில் விரல் நகத்தை அதற்குக் குறுக்கே மெல்ல ஓட்டிப் பார்க்க வேண்டும். நகம் தடையில்லாமல் வழுக்கிப் போனால் கீறல் மேலே இருக்கும் லாக்கரோடு நின்றுவிட்டது. மெஷினால் பொலிஷ் பண்ணி எடுத்துவிடலாம். நகம் சிக்கினால் பெயின்ற் அடிக்கத்தான் வேண்டும், கணக்கும் நூற்றுக்கணக்கில் ஏறும். கீறலின் அடியில் சாம்பல் நிறம் தெரிந்தால் அநேகமாக அது நிறத்துக்கு அடியில் இருக்கும் பிறைமர். தகரமே பளிச்சென்று தெரிந்தால் லண்டன் மழைக்கு அதை ஒரு மாதம்கூட விட்டுவைக்கக்கூடாது.

இதை எனக்குச் சொல்லித் தந்தவர் கிழக்கு லண்டனில் ரெயில் பாலத்து வளைவொன்றுக்குள் இருந்த கராஜில் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்த ஒரு அண்ணை. கோப்பாய்ப் பக்கத்து ஆள். யாழ்ப்பாணத்தில் டிங்கரிங், பெயின்றிங் இரண்டும் பழகி, கராஜ் வேலையை விட்டால் வேறொன்றும் தெரியாது என்று சொல்லிக்கொண்டு லண்டனுக்கு வந்தவர். தொண்ணூறுகளின் கடைசியில், படிப்பும் வேலையுமாக நான் அலைந்துகொண்டிருந்த காலத்தில், சாண்ட் பேப்பர் தேய்க்கிற பெடியனாக அவருக்குக் கீழே சேர்ந்தேன். பின்னாளில் வேறு வேலைக்குப் போய்விட்டேன். ஆனாலும் தெருவில் நிற்கும் கார்களைப் பார்க்கும் கண் அங்கே பழகியதுதான். எந்தக் கதவு பிறகு அடித்தது, எந்த பம்பரின் நிறம் ஒட்டவில்லை என்று இன்றைக்கும் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

லண்டனில் ரெயில் பாதைகள் பல இடங்களில் கூரை உயரத்தில் போகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நெருக்கமான நகரத்துக்குள் பாதை கொண்டுவந்தவர்கள், தெருக்களை மறிக்காமல் இருக்கச் செங்கல் வளைவுகளை வரிசையாகக் கட்டி அவற்றின் மேல் தண்டவாளத்தைப் போட்டார்கள். 1836-இல் ஓடத் தொடங்கிய லண்டன்–கிரீனிச் பாதையில் மட்டும் 878 வளைவுகள். அந்த வளைவுகளுக்குக் கீழே குதிரை லாயம் தொடக்கம் மரக்காலை வரை எல்லாம் இருந்து, கார்க் காலம் வந்தபோது கராஜ்கள் குடியேறின. 2019-இல் நெற்வேர்க் ரெயில் நிறுவனம் இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக ஏறக்குறைய 5,200 இப்படிப்பட்ட இடங்களின் நீண்டகாலக் குத்தகையை 146 கோடி பவுணுக்கு விற்றது. அதற்கு வெகு முன்பே எங்கள் கராஜின் முதலாளி வயது போய்க் கடையை மூடிவிட்டார். அவர் சைப்பிரஸ்காரர். வட லண்டனிலும் கிழக்கு லண்டனிலும் அந்தக் காலத்தில் பெயின்ற் கராஜ் என்றால் பாதிக்குப் பாதி சைப்பிரஸ் ஆட்கள்தான் என்று எனக்குத் தோன்றும்.

வளைவுக்குள் பெயின்ற் அடிப்பது லேசான காரியமில்லை. தலைக்கு மேலே ரெயில் போகும்போது செங்கல் இடுக்குகளில் நூறு வருடமாகப் படிந்த கரித்தூள் மெல்ல உதிரும். ஈரமான லாக்கரில் அதில் ஒரு துணிக்கை விழுந்தாலே போதும், காய்ந்த பிறகு மணல் பருக்கை மாதிரி நிற்கும். அதனால் பின்சுவரோடு ஒட்டி இரும்புத் தகட்டில் ஒரு ஸ்பிறே பூத் இருந்தது. அண்ணை அதற்குள் போகுமுன் தரையில் தண்ணீர் அடித்து ஈரமாக்குவார். தூசி எழும்பாமல் இருக்க அது ஒரு வழி.

வேலைக்குப் போய்க் கொஞ்சக் காலத்திலேயே எனக்கு ஒன்று விளங்கியது. பெயின்ற் அடிக்கும் கராஜில் பெயின்ற் அடிக்கும் நேரம்தான் மிகக் குறைவு.

"தம்பி, கண் (துப்பாக்கி) பிடிக்கிறது அரை மணித்தியாலம். மிச்சமெல்லாம் உன்ர கைதான்" என்பார் அண்ணை.

ஒரு கதவில் சாவியால் இழுத்த கீறல் என்று வைத்துக்கொள்வோம். முதலில் காரைக் கழுவி, மெழுகு, எண்ணெய் எல்லாம் போகத் துடைக்க வேண்டும். கைபிடி, கண்ணாடி, ஓரத்து ரப்பர்ப் பட்டி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். கழற்றாமல் சுற்றிவர ரேப் ஒட்டி அடிப்பவர்களும் உண்டு. ஒரு வருடத்தில் அந்த ஓரத்திலிருந்துதான் லாக்கர் உரியும். பிறகு கீறலைச் சுற்றி முரட்டுத் தாளால் தேய்த்து, பெயின்றின் விளிம்பு கைக்குத் தெரியாத அளவுக்குச் சரிவாக்க வேண்டும். பள்ளம் இருந்தால் பட்டி போட்டு, அது இறுகியதும் 80 நம்பர் தாள், பிறகு 180, பிறகு 320. அதற்கு மேல் பிறைமர். பிறைமர் காய்ந்ததும் அதன் மேல் கறுப்புத் தூளை மெல்லியதாகப் பூசி, 800 நம்பர் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்போம். மேடெல்லாம் சாம்பலாக வரும், பள்ளத்தில் மட்டும் கறுப்பு தங்கி நிற்கும். அந்தக் கறுப்புப் புள்ளி மறையும் வரை கை நிற்கக்கூடாது. தண்ணீரில் ஊறி விரல் நுனிகள் வெளிறித் திரைந்துவிடும். குளிர்காலத்தில் வாளியில் சுடுதண்ணீர் வைத்துத் தேய்ப்போம், பத்து நிமிடத்தில் அது ஐஸ் ஆகும்.

முடிந்தது என்று நான் சொன்னால் அண்ணை பார்க்க மாட்டார், தடவுவார். மெல்லிய துணியொன்றை உள்ளங்கைக்குக் கீழே வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, கதவின் நீளத்துக்கு ஒரே இழுவையாகக் கையை ஓட்டுவார். "இஞ்ச கிடக்கு" என்று ஒரு இடத்தில் விரல் நிற்கும். என் கண்ணுக்கு அங்கே ஒன்றுமே இருக்காது. பளபளப்பு ஏறிய பிறகுதான் அந்தப் பள்ளம் வெயிலில் காட்டிக்கொடுக்கும், அப்போது எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டும். அவர் விரல் ஒருநாளும் பிழைத்ததில்லை.

இத்தனை பாடும் எத்தனை கனத்துக்கு என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். தொழிற்சாலையிலிருந்து வரும் காரில் அடிப்பூச்சு, பிறைமர், நிறம், லாக்கர் எல்லாம் சேர்த்து 100 முதல் 150 மைக்ரோன் வரைதான் இருக்கும். இரண்டு தலைமயிரை அடுக்கி வைத்த கனம். அதிலும் லாக்கர் மட்டும் 40, 50 மைக்ரோன். அதனால்தான் கீறல் மறையட்டும் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு வாசலில் நின்று ரி-கட் பொலிஷ் போட்டு அழுத்தித் தேய்ப்பவர்களைப் பார்த்தால் அண்ணைக்கு மனம் பொறுக்காது. ஒவ்வொரு தேய்ப்பிலும் லாக்கர் கொஞ்சம் போகிறது. போனது திரும்பி வராது.

லண்டனில் அந்தப் பூச்சுக்கு எதிரிகள் ஏராளம். ஈஸ்ட் ஹாம், மேனர் பார்க் பக்கத்து ஒடுங்கிய தெருக்களில் இரண்டு பக்கமும் கார் நிற்க, நடுவால் போகிற வான் ஒரு உரசு உரசிவிட்டுப் போகும். லைம் மரத்துக்குக் கீழே கோடையில் நிறுத்தினால் காலையில் கார் முழுக்கப் பிசின் மாதிரி ஒட்டும். அது அந்த மரத்து இலைகளில் இருக்கும் சின்னப் பூச்சிகளின் எச்சம். புறா எச்சம் வெயிலில் காய்ந்தால் லாக்கரில் தழும்பே விழுந்துவிடும். குளிர்காலத்தில் தெருவுக்குப் போடும் உப்பு எல்லாவற்றிலும் மோசம். செஷயர் மாவட்டத்து வின்ஸ்ஃபோர்ட் சுரங்கம் போன்ற இடங்களில் வெட்டியெடுக்கும் கல்லுப்புத்தான் பனிக்காலத்தில் இந்த நாட்டு வீதிகளில் கொட்டப்படுவது. பொனற்றில் கல் தெறித்துத் தகரம் தெரிந்த குண்டூசித்தலை அளவு இடத்தில் அந்த உப்புத் தண்ணீர் தங்கினால், வசந்தம் வரும்போது சுற்றிவரக் கறள் பிடித்துப் பெயின்ற் கொப்பளித்திருக்கும். பத்துப் பதினைந்து பவுணுக்கு ஒரு டச்-அப் பென்சில் வாங்கி உடனேயே பூசியிருந்தால் அதோடு போயிருக்கும்.

எங்கள் ஆட்கள் புதுக்கார் வாங்கினால் நேரே கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். ஹைகேற் முருகன், விம்பிள்டன் பிள்ளையார், ஈலிங் கனகதுர்க்கை அம்மன், ஈஸ்ட் ஹாம் கோயில்கள் என்று அவரவர் நம்பிக்கைக்குத் தக்கபடி. சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம், பொனற்றில் சந்தனம் குங்குமம். இது நல்ல வழக்கம், நானும் செய்தவன்தான். ஆனால் காய்ந்த சந்தனத்தைக் கைலேஞ்சியால் உரஞ்சித் துடைப்பதைக் கண்டால் அண்ணை ஓடிப்போய்த் தடுப்பார். "தண்ணி ஊத்தி ஊற விடுங்கோ. சந்தனத்துக்க மணல் கிடக்கும்."

கராஜுக்கு வந்த காரில் பாதி வெள்ளி நிறம். அந்தக் காலத்தில் வெள்ளி நிறத்தில் எல்லாருக்கும் ஒரு மோகம். மினிகப் ஓட்டுபவர்கள், கடைக்காரர், தாதிகள் எல்லாரும் அதையே வாங்கினார்கள். அழுக்குத் தெரியாது என்பார்கள். உண்மைதான். ஆனால் திருத்தும்போது அதைவிடக் கஷ்டமான நிறம் கிடையாது. கறுப்பில் கீறல் உடனே தெரியும், ஆனால் கறுப்பைக் கறுப்போடு ஒட்டவைக்கலாம். வெள்ளி நிறத்தில் இருப்பது அலுமினியப் பொடி. கண்ணுக்குத் தெரியாத தகட்டுத் துண்டுகள் அந்தப் பெயின்றுக்குள் படுத்திருக்கும், ஒவ்வொன்றும் ஒரு கண்ணாடி. ஈரமாக அடித்தால் அவை அடியில் போய்த் தாழ்ந்து நிறம் கருக்கும். வரட்சியாக அடித்தால் மேலே கிடந்து வெளிறும். ஒரே ரின், ஒரே ஃபோர்முலா, இரண்டு பேர் அடித்தால் இரண்டு வெள்ளி. நேரே நின்று பார்த்தால் பொருந்தும் கதவு, பக்கவாட்டில் போய் நின்று பார்த்தால் வேறு காரின் கதவு மாதிரி இருக்கும்.

ஒவ்வொரு காரிலும் நிறத்துக்கு ஒரு குறியீடு உண்டு. ரொயோட்டாவில் கதவைத் திறந்தால் தூணில் இருக்கும் தகட்டில் எழுதியிருக்கும். ஃபோக்ஸ்வாகன், ஔடி என்றால் பூட்டில் உதிரிச் சக்கரம் வைக்கும் குழியில் ஒரு ஸ்ரிக்கர் ஒட்டியிருக்கும். அந்தக் குறியீட்டைக் கொடுத்தால் எந்தக் கலரை எத்தனை கிராம் கலக்க வேண்டும் என்று பெயின்ற் கொம்பனியின் பட்டியல் சொல்லிவிடும். ஆனால் ஒரு குறியீட்டுக்குள்ளேயே கொஞ்சம் நீலம் கூடியது, கொஞ்சம் மஞ்சள் கூடியது என்று பல வகை இருக்கும். அதற்கு மேல் அந்தக் கார் எத்தனை வருடம் வெயிலில் நின்றது என்ற கணக்கு வேறு. எண்பதுகளில் வந்த சிவப்புக் கார்கள் ரோசாவாக வெளிறிப் போனதை லண்டனில் பார்க்காதவர் இல்லை.

அதனால் அண்ணை முதலில் ஒரு அட்டையில் அடித்துக் காயவைத்து, அதைக் காரோடு பிடித்துப் பார்ப்பார். வளைவுக்குள் ரியூப் லைற் வெளிச்சத்தில் பார்த்து ஒப்புக்கொள்ளவே மாட்டார். ரியூப் லைற்றில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு நிறம் தெருவில் பிரிந்து நிற்கும். அட்டையோடு வெளியே போய், மேகம் மூடிய வானத்துக்குக் கீழே நின்று, தலையைச் சரித்துச் சரித்துப் பார்ப்பார். டிசெம்பரில் பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிடும். "வெளிச்சம் போட்டுது, நாளைக்குப் பாப்பம்" என்று அட்டையை மேசையில் வைத்துவிட்டு ரீ போடப் போவார். கார்ச் சொந்தக்காரர் வாசலில் நின்று அவசரப்படுத்தினாலும் அசைய மாட்டார். அந்தப் பிடிவாதத்தில் எனக்குப் பெரிய மரியாதை இருந்தது, இன்றும் இருக்கிறது.

ஒருமுறை வெள்ளி ரொயோட்டாவோடு வந்த கடைக்கார ஐயா ஒருவருக்கும் அவருக்கும் நடந்த பேச்சு நினைவிருக்கிறது.

"கீறல் கிடக்கிறது கதவில. நீங்கள் ஏன் மட்காட்டுக்கும் சேத்துக் கேக்கிறியள்?"

"ஐயா, கதவை மட்டும் அடிச்சுத் தரலாம். தெருவில நிண்டு பாக்கேக்க அது தனிக் கதவாத் தெரியும். மட்காட்டுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமாக் கரைச்சு விட்டால்தான் கண் பிடிக்காது."

"அப்ப மட்காட்டில பிழையே இல்லையே."

"ஓம், பிழை இல்லை. அதுதான் அதைத் தொடக் காசு."

ஐயாவுக்கு அது ஏமாற்று வேலை மாதிரித்தான் பட்டிருக்க வேண்டும். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் ஒப்புக்கொண்டார். காரை எடுக்க வந்த அன்று தெருவில் நின்று நாலு பக்கமும் சுற்றிவந்து, எந்தக் கதவில் கீறல் இருந்தது என்று அவரே தேடினார்.

இவ்வளவும் தெரிந்த அண்ணைக்கு ஒரு இருமல் இருந்தது.

அதைச் சொல்ல ஒரு தொழிற்சாலைக் கதை தேவை. கிழக்கு லண்டனில் டகனம் என்ற இடத்தில் ஃபோர்ட் தொழிற்சாலை 1931 முதல் வாகனம் செய்துவந்தது. 2002 பெப்ரவரி 20 அன்று கடைசி ஃபியஸ்ரா அங்கிருந்து வெளியே வந்தது, அதோடு அங்கே கார் கட்டுவது நின்றது, எஞ்சின் வேலை தொடர்ந்தது. எங்கள் கராஜுக்கு வந்துபோகும் வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் அங்கே வேலைபார்த்தவர். தொழிற்சாலைகளில் வெறும் தகரக் கூட்டை அப்படியே தொட்டிக்குள் முக்கி, மின்சாரத்தால் அடிப்பூச்சை ஒட்டவைத்து, 160, 180 டிகிரி சூட்டில் வேகவைப்பார்கள் என்று அவர்தான் சொன்னார். அந்தச் சூட்டில்தான் பூச்சுக் கல்லாக இறுகுகிறது. திருத்தவரும் காரை அப்படி வேகவைக்க முடியாது. ரயர் இருக்கிறது, வயர் இருக்கிறது, சீற் இருக்கிறது, பெற்றோல் இருக்கிறது. 60 டிகிரிக்கு மேலே போக யாரும் துணிய மாட்டார்கள். அந்தக் குறைந்த சூட்டிலேயே லாக்கர் தொழிற்சாலைப் பூச்சு மாதிரி இறுக வேண்டும் என்றால் அதற்குள் ஹார்ட்னர் கலக்க வேண்டும். ஹார்ட்னரில் இருப்பது ஐசோசயனேற்.

பிரிட்டனில் வேலையால் வரும் ஆஸ்துமாவுக்கு நெடுங்காலமாக முக்கியமான காரணங்களில் ஒன்று இந்த ஐசோசயனேற். மணத்தை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது, மூக்கில் ஏறும் மணம் தின்னருடையது. துப்பாக்கியை நிறுத்திய பிறகும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளி பூத்துக்குள் மிதந்துகொண்டிருக்கும். அது வெளியேற எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதை அளந்து பூத் வாசலில் எழுதி வைக்க வேண்டும் என்று இந்த நாட்டு சுகாதார, பாதுகாப்பு நிர்வாகம் சொல்கிறது. அந்த நேரம் முடியும் வரை, வெளியிலிருந்து குழாய் வழியாகச் சுத்தமான காற்று வரும் முகக்கவசத்தைக் கழற்றக்கூடாது. பெயின்ற் அடிப்பவர்கள் மற்றெல்லாவற்றையும் கடைப்பிடித்தாலும் ஒரு இடத்தில் தவறிவிடுவார்கள் என்பது அந்த நிர்வாகத்துக்கே தெரிந்த விஷயம். அடித்து முடித்த கையோடு, பளபளப்பு எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க முகமூடிக் கண்ணாடியை மேலே தூக்குவார்கள்.

அண்ணையும் தூக்குவார். நான் கண்ணாடி ஜன்னலால் பார்த்துக்கொண்டு நிற்பேன். கடைசி இழுவை முடிந்ததும் துப்பாக்கியை இடது கைக்கு மாற்றி, வலது கையால் கண்ணாடியை உயர்த்தி, குனிந்து, கதவின் நீளத்துக்கு ஒரு கண்ணை ஓடவிடுவார். கவசக் கண்ணாடியில் நுண்துளி படிந்து மங்கியிருக்கும், அதனூடாக லாக்கர் வழிந்திருக்கிறதா என்று தெரியாது. வழிந்திருந்தால் ஈரம் காயமுன் திருத்த வேண்டும். சரியாகச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் உள்ளவன்தான் கண்ணாடியைத் தூக்குவான். கவலையில்லாதவன் அடித்துவிட்டு வெளியே வந்துவிடுவான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

இருமல் முதலில் இரவில்தான் வந்தது. சளி என்றார், குளிர் என்றார். கொத்தமல்லித் தண்ணீர் குடித்தார். வேலைக்கிழமை முடிய முடிய நெஞ்சு இறுகி, ஞாயிறு கொஞ்சம் லேசாகும். 2002 பெப்ரவரியில் இலங்கையில் போர்நிறுத்தம் வந்து, ஏப்ரலில் யாழ்ப்பாணம் போகும் ஏ-9 பாதை திறந்ததும், எத்தனையோ பேர் போல அவரும் ஊருக்குப் போனார். தாயைப் பார்த்து, ஊரில் இன்னும் ஓடிக்கொண்டிருந்த ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் கார்களையெல்லாம் தொட்டுப் பார்த்து வந்தார். போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் ஓடிப் பிழைத்த கார்கள் அவை. அவர் தொழில் பழகியதே அவற்றில்தான். திரும்பி வந்தவர் உற்சாகமாகச் சொன்னார்: "ஊர்த் தண்ணிக்கு இருமல் பறந்திட்டுது தம்பி. ஒருநாள் இருமேல்லை."

வேலைக்கு வந்த அந்தக் கிழமையே இரவில் மூச்சு இழுத்தது. இந்தமுறை மனைவி விடவில்லை, டொக்டரிடம் கூட்டிப்போனார். டொக்டர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: லீவில் இருமல் இருந்ததா? இல்லை என்றதும் வேலையைப் பற்றி விசாரித்தார், உடனே றோயல் புறொம்ப்டன் ஆஸ்பத்திரியில் வேலையால் வரும் நுரையீரல் நோய்களைப் பார்க்கும் பிரிவுக்கு எழுதினார். அங்கே ஊதிப் பார்க்கும் சின்னப் பிளாஸ்ரிக் குழாயைக் கொடுத்து, நாளுக்குப் பலதடவை ஊதி அளவை எழுதச் சொன்னார்கள். பெயின்ற் ஃபோர்முலா எழுதும் கொப்பியின் பின்பக்கத்தில் அந்த எண்களை அவர் எழுதினார். முன்பக்கத்தில் வெள்ளி நிறத்துக்கு இத்தனை கிராம், பின்பக்கத்தில் மூச்சு இத்தனை. வேலை நாட்களில் எண்கள் படியிறங்கின, லீவு நாட்களில் ஏறின. வேறு சாட்சி தேவைப்படவில்லை.

ஐசோசயனேற் ஒருமுறை உடலுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால் அதற்குப் பிறகு மிகச் சிறிய அளவுகூடப் போதும், மூச்சை அடைத்துவிடும். பூத்துக்குள் இனிப் போகவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தொழில்வழி ஆஸ்துமா அரசாங்கப் பட்டியலில் உள்ள நோய் என்பதால் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம் என்றும் சொன்னார்கள். படிவத்தை நான்தான் நிரப்பினேன். "தொழில்" என்ற கட்டத்தில் என்ன எழுத என்று கேட்டேன். "பெயின்ரர் எண்டு எழுது" என்றார். துப்பாக்கி பிடிப்பதை அவர் விட்டுக் கொஞ்சக் காலம் ஆகியிருந்தது.

2007 தொடக்கத்திலிருந்து ஐரோப்பியச் சட்டப்படி, கார்த் திருத்தும் மேற்பூச்சுகளில் கரைப்பானின் அளவு லீற்றருக்கு 420 கிராமுக்கு மேல் போகக்கூடாது என்று வந்தது. நிறப் பூச்சு தண்ணீர்ப் பெயின்றாக மாறியது. கராஜ்களில் மணம் குறைந்தது, நகரத்துக் காற்றுக்கும் அது நல்லது. ஆனால் அதற்கு மேலே பூசும் லாக்கரில் ஹார்ட்னர் அப்படியே இருக்கிறது. மணம் குறைந்ததை வைத்து ஆபத்துப் போய்விட்டது என்று நினைக்கும் இளம் பெடியளை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் வருடத்துக்கு ஒருதடவையாவது வேலை முடிந்த கையோடு சிறுநீர்ச் சோதனை செய்து, ஐசோசயனேற் உடலுக்குள் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று நிர்வாகம் வற்புறுத்துகிறது.

இனி விலை. இன்று லண்டனில் பம்பர் மூலையில் ஒரு உரசலை வீட்டு வாசலுக்கே வானில் வந்து திருத்திப்போவதற்கு 150 முதல் 250 பவுண் வரை கேட்பார்கள். ஒரு கதவைக் கழற்றி, பூத்துக்குள் அடித்து, பக்கத்துத் தகட்டில் கரைத்துத் தர 350-இலிருந்து 600 வரை போகும். முழுக்காருக்கும் ஒழுங்காக அடிப்பதென்றால் 3,000-க்குக் கீழே யோசிக்க வேண்டாம். இந்தக் காசில் பெயின்றின் பங்கு சிறியது. கைவேலை, பூத்தைச் சூடாக்கும் காஸ், இடத்து வாடகை, 20 வீத வற், இவைதான் அதிகம். புதுக் கார்களில் வேறொன்றும் சேர்ந்திருக்கிறது. பம்பருக்குப் பின்னால் ராடார் இருக்கும். அந்த இடத்தில் பட்டி போட்டாலோ பெயின்ற் கனத்தாலோ அதன் பார்வை மறைந்துவிடும் என்பதால் பல கொம்பனிகள் அங்கே பட்டி போடவே விடுவதில்லை. சின்ன உரசலுக்குப் புதுப் பம்பர் என்று வருவது அதனால்தான்.

இன்ஷூரன்ஸில் போவதா, கையால் கொடுப்பதா என்று பலரும் என்னைக் கேட்பார்கள். முதலில் நீங்கள் கட்ட வேண்டிய எக்ஸெஸ் எவ்வளவு என்று பாருங்கள் என்பேன். அது 400 ஆக இருந்து திருத்தச் செலவும் 500 என்றால், நூறு பவுணுக்காக நோ-கிளெய்ம் போனஸை இழப்பது புத்தியில்லை. லீஸ் கார் என்றால் திருப்பிக் கொடுக்குமுன் அவசரப்பட்டுப் பெயின்ற் அடிக்க வேண்டாம். பிரிட்டனில் லீஸ் கொம்பனிகள் பின்பற்றும் பொது விதியில் 25 மில்லிமீற்றருக்குள் உள்ள கீறலை, பிறைமரோ தகரமோ தெரியாவிட்டால், சாதாரணத் தேய்மானமாகவே எடுத்துக்கொள்வார்கள். மலிவாக அடித்த பெயின்றைத்தான் அவர்கள் குற்றமாகப் பிடிப்பார்கள். கனம் அளக்கும் மீற்றரைத் தகரத்தில் வைத்தால் ஒரு நொடியில் சொல்லிவிடும்.

போன குளிர்காலத்தில் இல்ஃபோர்ட்டில் நிறுத்தியிருந்த என் மகளின் காரில் யாரோ கதவு நீளத்துக்கு இழுத்துவிட்டுப் போய்விட்டார்கள். வெள்ளி நிறம். நகம் நன்றாகச் சிக்கியது. சில இடங்களில் விலை கேட்டேன். ஒரு இடத்தில் கைக்காசாக 180 என்றார்கள். பூத் எங்கே என்று கேட்டேன். பூத் இல்லை, கராஜ் கதவைப் பாதி இறக்கிவிட்டு அடிப்போம் என்றார் அங்கே நின்ற பெடியன். அவன் கழுத்தில் தொங்கியது மருந்துக் கடையில் விற்கும் கடதாசி மாஸ்க். அவனுக்குச் சொல்ல வேண்டியதை நின்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். கேட்டானோ தெரியாது. இன்னொரு இடத்தில் வற்றோடு 520 கேட்டார்கள். பூத் வாசலில் எத்தனை நிமிடம் கழித்துக் கவசத்தைக் கழற்றலாம் என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. கவசம் கொழுக்கியில் தொங்கியது, அதிலிருந்து காற்றுக் குழாய் சுவருக்குப் போனது. அங்கேயே விட்டேன்.

அண்ணை இப்போது ஹரோவில் மகனோடு இருக்கிறார். இன்ஹேலர் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். இரவு போன் எடுத்து விஷயத்தைச் சொன்னேன்.

"குழாயால காத்து வாற மாஸ்க்கோ?" என்று முதலில் கேட்டார்.

"ஓம் அண்ணை. நானே பாத்தனான்."

"அப்ப 520 சரி. மட்காட்டுக்குள்ள கரைச்சு விடுவினமோ எண்டு கேட்டனியோ? கேள். வெள்ளிக் கலர் எல்லே."